கடலூரில் ஒரு வன்தட்டு, சிதம்பரத்தில் ஒரு வன்தட்டு

வீட்டுக்குள் ஒரு ஃபைல் சர்வர் வைக்கவேண்டும் என்ற ஆசை இப்போது பலருக்கும் வந்துவிட்டது. காரணம் எளிது. வீட்டில் நாலு பேர் இருந்தால் நாலு கைப்பேசி. ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கில் புகைப்படம். அக்கா கல்யாண வீடியோ ஒரு பென் டிரைவில், தாத்தாவின் பழைய படங்களை ஸ்கேன் செய்தது யாரோ ஒருவரின் மடிக்கணினியில், வீட்டுப் பத்திரத்தின் நகல் அப்பாவின் மின்னஞ்சலில். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டு, வீட்டில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கிற மாதிரி செய்தால் நன்றாகத்தானே இருக்கும்?

நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த "ஒரே இடத்தில்" என்பதில்தான் வில்லங்கம் இருக்கிறது.

சர்வர் கட்டக் கிளம்புகிறவர் வழக்கமாகப் போடும் திட்டம் இது: நாலு வன்தட்டு (ஹார்ட் டிஸ்க்தான்) பிடிக்கிற பெட்டி ஒன்று வாங்குவது, நாலையும் ரெய்டில் கட்டுவது, ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் வைப்பது, அதோடு கவலை விட்டது என்று தூங்கப் போவது. அன்று ராத்திரியே ஒரு விஷயம் தெரிந்துவிடும். அந்தப் பெட்டி போடுகிற சத்தத்தில் தூக்கம் வராது. இன்னொரு விஷயம் தெரியச் சில வருஷம் ஆகலாம். கவலை விடவே இல்லை.

கடலூர், சிதம்பரம் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தத் திட்டம் பொருந்தாது. இங்கே சத்தமில்லாத சர்வருக்கும் பத்திரமான சர்வருக்கும் வழி ஒன்றுதான்: தட்டுகளை ஒரே பெட்டியில் அடுக்காமல் ஊர் பிரித்து வைப்பது.

பூட்டிய அறை

இதைப் புரிந்துகொள்ள சிதம்பரத்துக்காரர்கள் கம்ப்யூட்டர் புத்தகம் படிக்கவேண்டியதில்லை. தங்கள் ஊர்க் கதை ஒன்றே போதும்.

திருமுறை கண்ட புராணம் சொல்லும் கதை அது. அப்பர், சம்பந்தர், சுந்தரர் பாடிய தேவார ஏடுகள் தில்லைக் கோயிலில் ஓர் அறைக்குள் பூட்டிக் கிடந்தன. ராஜராஜ சோழன் (ஆட்சிக்காலம் 985-1014) நம்பியாண்டார் நம்பியோடு வந்து கேட்டபோது, பாடிய மூவரும் நேரில் வந்தால்தான் கதவு திறக்கும் என்று பதில் வந்தது. மன்னன் மூவரின் திருவுருவங்களையும் எழுந்தருளச் செய்து கொண்டுவந்து நிறுத்தினான். கதவு திறந்தது. உள்ளே ஏடுகளைப் புற்று மூடியிருந்தது. கரையான் தின்றது போக மிஞ்சியதைத்தான் எடுக்க முடிந்தது. இன்று கையில் இருப்பவை எண்ணூறுக்குச் சற்றே குறைந்த பதிகங்கள்.

கதையை வரலாறாக எடுத்துக்கொள்வதும் எடுத்துக்கொள்ளாததும் அவரவர் விருப்பம். ஆனால் அந்த அறையின் பாதுகாப்பு ஏற்பாட்டைக் கவனிக்கவேண்டும். பூட்டு இருந்தது, காவல் இருந்தது, மூன்று பேர் வந்தால்தான் திறக்கும் என்ற நிபந்தனையும் இருந்தது. இன்றைய வங்கிகள்கூட இரண்டு கட்டச் சரிபார்ப்போடு நிறுத்திக்கொள்கின்றன! அத்தனையும் மனிதர்களைத் தடுத்தது. கரையானுக்குக் கடவுச்சொல் தேவைப்படவில்லை.

கதையின் இரண்டாம் பாதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஏடு கிடைத்தது, ஆனால் எந்தப் பாட்டுக்கு எந்தப் பண் என்று தெரியவில்லை. அதற்காக எருக்கத்தம்புலியூருக்குப் போனார்கள். விருத்தாசலம் பக்கத்தில், இன்று ராஜேந்திரப்பட்டினம் என்று சொல்லப்படும் ஊர். அங்கே திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணிக்குப் பண்கள் தெரிந்திருந்தன. அவர் மூலமாகத்தான் பண்முறை வகுக்கப்பட்டது என்கிறது புராணம்.

அதாவது, ஒரே இடத்தில் பூட்டி வைத்தது அரித்துப்போனது. வேறு ஊரில், வேறு ஆள் கையில் இருந்தது பிழைத்தது. ஃபைல் சர்வர் கட்டுகிறவர் கற்றுக்கொள்ளவேண்டிய பாடத்தில் முக்கால்வாசி இதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

ரெய்டு எதற்கு, எதற்கு இல்லை

ரெய்டு என்றதும் வருமான வரித்துறை நினைவுக்கு வந்தால் தப்பில்லை. இது வேறு. பல வன்தட்டுகளைச் சேர்த்து ஒன்றுபோல இயங்கவைத்து, அதில் ஒன்று செத்தாலும் வேலை நிற்காமல் பார்த்துக்கொள்ளும் முறை. 1988-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் வெளியிட்ட கட்டுரையிலிருந்து இந்தப் பெயர் பரவியது.

"வேலை நிற்காமல்" என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளவேண்டும். ரெய்டு கடையைத் திறந்தே வைத்திருக்கும் ஏற்பாடு. பில் போடும் கணினி அரை நாள் நின்றால் நஷ்டம் வரும் வியாபாரிக்கு அது தேவை. வீட்டில் அக்கா கல்யாண வீடியோ இரண்டு நாள் பார்க்க முடியாமல் போனால் யாருக்கு என்ன நஷ்டம்? வீட்டுக்கு வேண்டியது நிற்காத ஓட்டம் இல்லை, தொலையாத பொருள்.

ரெய்டில் ஒரு கோப்பைத் தப்பாக அழித்தால் அந்த நொடியே எல்லாத் தட்டிலும் அழிந்துவிடும். வைரஸ் பூட்டினால் எல்லாத் தட்டிலும் பூட்டும். இடி விழுந்து மின்சாரம் எகிறினால் ஒரே பெட்டிக்குள் இருக்கும் நாலும் சேர்ந்து போகலாம். வெள்ளம் புகுந்தால் கேட்கவே வேண்டாம். கணக்குப் புத்தகத்துக்கு நகல் எடுத்து அதையும் அதே பீரோவில் வைப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

இந்த ஊரின் வரவு செலவு

வெள்ளம், புயல் என்பதெல்லாம் மற்ற ஊர்களில் பயமுறுத்துவதற்குச் சொல்லும் உதாரணமாக இருக்கலாம். கடலூர் மாவட்டத்தில் அது வருஷக் கணக்கில் எழுதவேண்டிய ஒரு தலைப்பு.

2004 டிசம்பர் 26: சுனாமி. தேவனாம்பட்டினம் முதலான கடலோர ஊர்கள்.

2011 டிசம்பர் 30: தானே புயல், கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையைக் கடந்தது. பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் விழுந்து பல கிராமங்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. (நெய்வேலியில் மின்சாரம் தயாரித்து ஊருக்கெல்லாம் அனுப்பும் மாவட்டம்!)

2015 நவம்பர், டிசம்பர்: வெள்ளம்.

2020 டிசம்பர்: புரெவி புயலை ஒட்டிய மழை. சிதம்பரம் நடராசர் கோயிலுக்குள்ளேயே தண்ணீர் நின்றது.

2024 டிசம்பர் தொடக்கம்: ஃபெஞ்சல் புயலுக்குப் பின், சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீரோடு தென்பெண்ணை பெருகி, கடலூரின் ஆற்றோரக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது.

கடைசி இரண்டு வரியையும் சேர்த்துப் படித்தால் ஒரு விஷயம் தெரியும். 2020-ல் மூழ்கியதற்காகப் பேசப்பட்டது சிதம்பரம். 2024-ல் தென்பெண்ணை புகுந்தது கடலூரில். இரண்டு ஊருக்கும் இடையே சுமார் 45 கிலோமீட்டர்தான். ஆனால் கடலூரை மூழ்கடிக்கும் ஆறுகள் தென்பெண்ணையும் கெடிலமும். சிதம்பரத்துக்குப் பயம் வெள்ளாறும் கொள்ளிடமும். ஆறு வேறு, ஆபத்து வரும் நாளும் பெரும்பாலும் வேறு. தானே மாதிரி மாவட்டத்தையே புரட்டிப்போடும் புயலுக்கு மட்டும் இந்தக் கணக்கு போதாது. அதற்கு மூன்றாவதாக ஒரு தூரத்து இடம் வேண்டும்.

2015 வெள்ளத்துக்குப் பிறகு, சான்றிதழ்களை இழந்தவர்களுக்கு நகல் கொடுக்க அரசு சிறப்பு முகாம் நடத்தியது. ரேஷன் கார்டு, பட்டா, மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றுக்கும் நகல் கேட்க ஒரு அலுவலகம் உண்டு. இறந்துபோன பாட்டி சிரிக்கிற ஒரே ஒரு படத்துக்கு எந்த அலுவலகத்தில் மனு கொடுப்பது? சர்வர் திட்டம் போடும்போது மனதில் இருக்கவேண்டியது எத்தனை டெராபைட் என்பது அல்ல, இந்தக் கேள்விதான்.

உப்புக் காற்று

வன்தட்டுக்கு எதிரி வெப்பம் என்று எல்லோரும் சொல்வார்கள். கூகுள் ஆய்வாளர்கள் 2007-ல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து, வெப்பத்துக்கும் சாவுக்கும் நினைத்த அளவு நெருக்கமான தொடர்பு இல்லை என்றார்கள். ஆனால் தட்டு தன்னைத்தானே சோதிக்கும்போது முதல் பிழை காட்டிவிட்டால், அடுத்த 60 நாளில் அது சாகும் வாய்ப்பு பிழையில்லாத தட்டைப்போல 39 மடங்கு என்றும் அதே ஆய்வு சொன்னது. ஆகவே மாதம் ஒருமுறை தானாகச் சோதனை ஓடும்படி அமைப்பதும், முதல் பிழை வந்த அன்றே தட்டை மாற்றுவதும் புத்திசாலித்தனம்.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு அதைவிட முக்கியமானது 2016-ல் வந்த இன்னொரு ஆய்வு. மைக்ரோசாஃப்ட்டின் ஒன்பது தரவு மையங்களைப் பார்த்தவர்கள், வெப்பத்தைவிடக் காற்றின் ஈரப்பதமே வன்தட்டுகளை அதிகம் கெடுக்கிறது என்று கண்டார்கள். முதலில் பழுதாவது சுழலும் பகுதி இல்லை, மின்சுற்றும் இணைப்புகளும். சில்வர் பீச் பக்கம் ஜன்னல் கம்பி எத்தனை சீக்கிரம் துருப்பிடிக்கிறது என்று பார்த்தவருக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

அதனால் இடத் தேர்வு இப்படி இருக்கவேண்டும்: கடல் பார்த்த ஜன்னலோரம் வேண்டாம். தரையில் வேண்டாம் (வெள்ளம்). பரணும் வேண்டாம் (மே மாதத்தில் தளத்துக்குக் கீழே அது அடுப்பு). சமையலறைப் பக்கம் எண்ணெய்ப் புகை. வீட்டின் உள்சுவரை ஒட்டி, நாலைந்து அடி உயரத்தில், காற்று போய்வர இடம் விட்டு ஓர் அலமாரித் தட்டு. அவ்வளவுதான்.

சத்தம் எங்கிருந்து வருகிறது

சத்தத்துக்கு மூன்று ஊற்று. சுழலும் வன்தட்டு, சுற்றும் விசிறி, இவை இரண்டின் அதிர்வையும் வாங்கிப் பெருக்கும் மரப்பலகை. மூன்றாவதைத்தான் யாரும் நினைப்பதில்லை. காலியான மர ஷோகேஸ் மேல் சர்வரை வைப்பது வீணைக் குடத்தின் மேல் வைப்பது மாதிரி. அடியில் ஒரு ரப்பர் விரிப்பு போட்டாலே பாதி குறையும்.

விசிறி சின்னதாக இருந்தால் வேகமாகச் சுற்றி விசில் அடிக்கும். பெரியது மெதுவாகச் சுற்றும், சத்தமும் குறைவு. வன்தட்டிலும் அதே கதை. நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றுவதைவிட 5400 சுற்று சுற்றுவது அமைதி. வீட்டு வேலைக்கு 5400 தாராளமாகப் போதும். கைப்பேசி வைஃபையில் படம் பார்க்கிறவருக்கு வித்தியாசமே தெரியாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய மருந்து, தட்டுகளின் எண்ணிக்கையைக் குறைப்பது. நாலு தட்டு ஒரே பெட்டியில் சுழன்றால் ஒன்றோடொன்று மோதும் அதிர்வில் ஒரு ரீங்காரம் வரும். ஒரே தட்டு என்றால் அந்தப் பேச்சே இல்லை. தட்டுகளை ஊர் பிரித்து வைப்பது பத்திரம் மட்டுமல்ல, அமைதியும் என்று சொன்னது இதனால்தான்.

சரி, என்ன வாங்குவது?

1. முதலில் அளக்கவேண்டும். சினிமாக்களையும் ஒரே படத்தின் பத்து நகல்களையும் கழித்துவிட்டு, திரும்பக் கிடைக்காத கோப்புகள் மட்டும் எவ்வளவு என்று பார்க்கவேண்டும். சாதாரணக் குடும்பத்துக்கு இது ஒன்றிரண்டு டெராபைட்டைத் தாண்டுவது அபூர்வம்.

2. இரண்டு டெராபைட்டுக்குள் என்றால் சர்வருக்குள் ஓர் எஸ்எஸ்டி. சுழலும் பாகமே கிடையாது, சத்தம் சுத்தமாகப் பூஜ்யம்.

3. அதற்கு மேல் என்றால் 4 டெராபைட், 5400 சுற்று, நாஸுக்கென்றே விற்கும் வன்தட்டு ஒன்று. வாங்குமுன் அது எஸ்எம்ஆர் வகையா என்று பார்க்கவேண்டும். ஓட்டு வீட்டுக் கூரையில் ஓட்டின் மேல் ஓடு ஏறி நிற்பதுபோல, தடத்தின் மேல் தடம் ஏற்றி எழுதும் முறை அது. நடுவில் ஓர் ஓட்டை மாற்றப் பக்கத்து ஓடுகளையும் எடுக்கவேண்டும் அல்லவா, அதே கஷ்டம் எழுதும்போது இதற்கும் வரும். வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையில் சில தட்டுகள் இந்த வகை என்பதை 2020-ல்தான் ஒப்புக்கொண்டது, அதுவும் பயனாளர்கள் கண்டுபிடித்துக் கேட்ட பிறகு. சர்வருக்குள் வைக்க எஸ்எம்ஆர் வேண்டாம். பீரோவில் வைக்கும் நகலுக்கு அது பரவாயில்லை.

4. கணினி புதிதாக வேண்டியதில்லை. அலுவலகங்கள் கழித்துவிடும் சின்ன மேசைக்கணினிகள் ரிச்சி தெருவில் குவிந்து கிடக்கின்றன. புதிதுதான் வேண்டும் என்றால் இன்டெல் என்100 சில்லு போட்ட மினி பிசி. கணினி பழையதாக இருக்கலாம், வன்தட்டு மட்டும் பழையதாக இருக்கக்கூடாது.

5. மென்பொருளுக்குச் செலவே இல்லை. ஓபன்மீடியாவால்ட் போன்றவை இலவசம், கட்டற்ற மென்பொருள்.

6. மின்சாரம். இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் அதை யூபிஎஸ் நிலையில் போட்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். சாதாரண நிலையில் மாறும் நேரம் கூடுதல், கணினி அணைந்து எழலாம். ஐப்பசி, கார்த்திகையில் இடி இடிக்கும் ராத்திரிகளில் பிளக்கைப் பிடுங்கிவிடுவதை மிஞ்சிய பாதுகாப்பு எதுவும் இல்லை. நெட் கேபிளையும் சேர்த்துத்தான்.

கரண்ட் கணக்கையும் பார்த்துவிடலாம். 15 வாட் இழுக்கும் மினி பிசி 24 மணி நேரமும் ஓடினால் 60 நாளில் 21.6 யூனிட். நாலு தட்டு போட்ட பழைய பெரிய கணினி 60 வாட் இழுத்தால் அதே 60 நாளில் 86.4 யூனிட். நம் வீட்டு மின்கட்டணம் படிக்கட்டு மாதிரி. இந்த 65 யூனிட் வித்தியாசம் வீட்டை அடுத்த படிக்கு ஏற்றிவிட்டால் கட்டணம் அந்தப் படியின் விலையில் ஏறும். தட்டின் விலை ஒருமுறை கொடுப்பது. கரண்ட் பில் சாகும்வரை கொடுப்பது.

பையில் ஒரு தட்டு

சர்வருக்குள் ஒரு தட்டு ஆயிற்று. அது போக இரண்டு வெளி வன்தட்டுகள், கையடக்கமான சின்ன வகை. ஒன்று சர்வரோடு சொருகியிருக்கும். ராத்திரி ஒருமுறை விழித்து, புதிதாகச் சேர்ந்ததை நகல் எடுத்துக்கொண்டு மறுபடி தூங்கும். அழித்த கோப்பு நகலிலும் உடனே அழியாதபடி பழைய பதிப்புகளைச் சில மாதம் வைத்திருக்கும்படி அமைக்கவேண்டும். இன்னொன்று சிதம்பரத்தில், பெரியம்மா வீட்டு பீரோவில். போகிறபோது இதைக் கொடுத்துவிட்டு அதை வாங்கிவரவேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு. எந்த நேரத்திலும் ஒரு நகல் வேறு ஊரில் இருக்கும்.

எப்போது போவது? ஆனித் திருமஞ்சனத்துக்கு ஒருமுறை, மார்கழி ஆருத்ரா தரிசனத்துக்கு ஒருமுறை. ஏறக்குறைய ஆறு மாத இடைவெளி, மறக்க வாய்ப்பில்லை. வீட்டில் யாராவது அண்ணாமலை நகரில் படித்தால் மாதாமாதமே மாற்றலாம்.

இன்டர்நெட் இருக்கும்போது பஸ் எதற்கு என்று கேட்கலாம். 2 டெராபைட்டை நொடிக்கு 20 மெகாபிட் வேகத்தில் மேலேற்ற ஒன்பது நாளுக்கு மேல் ஆகும், நடுவில் ஒரு நிமிடம்கூட அறுந்துபோகாமல் இருந்தால். கடலூர் பஸ் நிலையத்திலிருந்து சிதம்பரம் ஒன்றரை மணி நேரம்!

தட்டைக் குறியாக்கம் செய்து எடுத்துப்போவது அவசியம். பஸ்ஸில் தொலைந்தால் தட்டின் விலையோடு போகட்டும். ஆனால் கடவுச்சொல் ஒருவர் மூளையில் மட்டும் இருந்தால் அதுவும் ஒரு பூட்டிய அறைதான். அதைத் தாளில் எழுதி, வீட்டில் இன்னொருவருக்குத் தெரிய, பாஸ்புக் வைக்கும் இடத்தில் வைக்கவேண்டும்.

மூன்றாவது தூரத்து இடத்துக்கு மேகக் கணிமை சரி. முழுவதையும் அங்கே ஏற்றவேண்டாம். பாட்டி படம், பத்திர நகல், இந்த ஆறு மாதத்தில் எடுத்த புகைப்படங்கள் போதும். மேகத்தை மட்டுமே நம்புவதும் சரியில்லை. வரம்பில்லாமல் இலவசம் என்று இருந்த கூகுள் ஃபோட்டோஸ் 2021 ஜூன் 1 முதல் அந்தச் சலுகையை நிறுத்திக்கொண்டது. வாடகை வீட்டுக்காரர் வாடகையை ஏற்றுவது மாதிரிதான்.

நாலு தட்டு ரெய்டில் 12 டெராபைட் கிடைக்குமே, இதில் 4 தானே என்று கேட்பவருக்கு: உண்மைதான். கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோ நடத்துபவருக்கு இந்தத் திட்டம் போதாது. அவருக்கு ரெய்டும் வேண்டும், அதற்கு மேல் வெளியூர் நகலும் வேண்டும். ஆனால் வீட்டுக்காரருக்கு இங்கே ஆவது நாலு தட்டு இல்லை, மூன்றுதான். பெட்டியும் சின்னது. செலவு குறைந்து, சத்தம் குறைந்து, பத்திரம் கூடுகிற பேரம் அடிக்கடி கிடைக்காது.

கடைசியாக ஒன்று. சிதம்பரத்தில் தட்டை மாற்றும்போது அப்படியே பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிடக்கூடாது. பெரியம்மா காபி போடுகிற நேரத்தில் அதைச் சொருகி, பத்துப் படமாவது திறந்து பார்க்கவேண்டும். திறந்து பார்க்காத நகல் நகலே இல்லை. ஓலைச்சுவடியைச் சில தலைமுறைக்கு ஒருமுறை புது ஓலையில் படியெடுத்தார்கள். வன்தட்டுக்கு அந்த ஆயுள் கிடையாது, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதிது வாங்கத் தேய்மானம் ஒதுக்கிவைப்பது நல்லது. அறையைத் திறந்து பார்த்தபோதுதான் கரையான் வந்தது தெரிந்தது. யாராவது வருஷத்துக்கு இரண்டு முறை திறந்து பார்த்திருந்தால்?